முன்சக்கர பேரிங் முனகுகிறதா? கண்டுபிடிப்பதிலிருந்து மாற்றி முடிப்பது வரை

சிங்கப்பூரின் கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் ஓர் இரவு கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் எனக்கு உறைத்தது. எங்கோ தூரத்தில் விமானம் போவது போல ஒரே சீரான ஊளை. சுவரில் பட்டுத் திரும்பி வந்ததால் உள்ளே நன்றாகக் கேட்டது, வெளியே வந்ததும் பாதி காற்றோடு போய்விட்டது. டயர் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். டயர் கடைக்காரரும் அதையேதான் சொன்னார், வேறென்ன சொல்வார், நான்கு டயர் விற்கிற வேளை. புது டயரோடு அதே சுரங்கத்தில் போனேன், ஊளை அப்படியே இருந்தது. பிறகு வலது முன்சக்கர பேரிங்தான், அதாவது சக்கரம் தடையில்லாமல் சுற்ற உதவும் குண்டு வளையம்தான், என்று நானாகவே முடிவு செய்து மாற்றினேன், அப்போதும் ஊளை போகவில்லை. கடைசியில் பார்த்தால் இடது பக்கம். அதை மாற்றும்போது இறுக்கமான உருப்படிகளை அழுத்தி நுழைக்கும் கருவியான பிரஸ்ஸில் தப்பாக அழுத்தித் தொலைத்ததால் ஒரே மாதத்தில் அந்தப் புது பேரிங்கும் முனக ஆரம்பித்து, மறுபடி பிரித்தேன். ஆக ஒரு பேரிங் மாற்ற வேண்டிய இடத்தில் நான்கு டயரும் மூன்று பேரிங்கும் வாங்கினேன்.

அதனால் இதில் பெரும்பகுதி கண்டுபிடிப்பதைப் பற்றியும் பிரஸ்ஸில் அழுத்துவதைப் பற்றியும்தான் இருக்கும். போல்ட்டைக் கழற்றுவது எல்லாருக்கும் வரும்.

சத்தத்தைக் கேட்பது

பேரிங் சத்தம் வேகத்தோடு கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். பெரும்பாலும் 50, 60இல் மெதுவாகத் தொடங்கி 80, 90இல் முழுசாகக் கேட்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் குறைகிற அளவுக்குத்தான் அதுவும் குறையும். அதே வேகத்தில் ஒரு கியர் இறக்கிப் பாருங்கள்: எஞ்சின் சுற்று ஏறியும் ஊளையின் சுருதி மாறவில்லை என்றால் எஞ்சின் பக்கம் தேட வேண்டாம்.

டயர்தான் இதற்குப் பெரிய போட்டி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கத்தும். ஆனால் டயர் சத்தம் சாலையைப் பொறுத்து மாறும்: புதிதாகத் தார் போட்ட இடத்தில் அடங்கி, சொரசொரப்பான இடத்தில் எகிறும். பேரிங்குக்கு அந்தக் கவலை இல்லை, எந்தச் சாலையிலும் ஒரே பாட்டுதான். இன்னொன்று, டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரியும் குத்தினால் டயர் கோணலாகத் தேய்ந்திருக்கிறது, அதுவே ஊளையிடும். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் டயர், மாறாவிட்டால் வேறு ஏதோ. இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் எனக்கு நான்கு டயர் காசு மிச்சம்.

டக் டக் என்று தட்டுகிற சத்தம் வேறு ரகம். அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து லேசாக ஆக்சிலேட்டரைக் கொடுக்கும்போது டக் டக் டக் என்றால் பெரும்பாலும் சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரத்தைச் சுற்றும் தண்டின் நுனியிலுள்ள மூட்டு. பேரிங் அவ்வளவு மெதுவான வேகத்தில் அநேகமாக வாயே திறக்காது, ரொம்ப முற்றிப்போனால்தான் கரகரக்கும்.

எந்தப் பக்கம்

வண்டி இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரங்களில் விழும். அப்போது ஊளை கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகப்படலாம். வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது. இதற்காக விரைவுச்சாலையில் பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டிப் பின்னால் வருகிறவரை மிரட்ட வேண்டியதில்லை. விரைவுச்சாலையிலேயே இரண்டு பக்கமும் நீளமான வளைவுகள் வரும், ஒரே வேகத்தில் போய்க் காதைக் கொடுத்தால் போதும். வானொலி, ஏர்கான் இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் இந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதைய முன்சக்கர பேரிங்குகளில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். எந்த வரிசை தேய்ந்தது என்பதைப் பொறுத்துச் சில நேரம் சத்தம் தலைகீழாகவும் வரும். காது வேறு ஏமாற்றும். நாம் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம், வலது முன்சக்கரம் நம் முழங்காலுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது, ஆகவே எந்தச் சத்தம் கேட்டாலும் வலது பக்கம்தான் என்று மனசு சொல்லிவிடும். நான் விழுந்த குழி அதுதான். பக்கத்து இருக்கையில் வேறு யாரையாவது உட்காரவைத்து, "உங்களுக்கு எங்கே கேட்குது?" என்று கேளுங்கள், நீங்கள் நினைப்பதை முதலில் சொல்லாமல்.

ஜாக்கி போட்டுப் பார்ப்பது

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைத் தூக்கிப் பிரித்துப் பழுதுபார்க்க விதியில் இடமில்லை. வாடகைக்கு இடமும் கருவிகளும் தருகிற பட்டறைகள் இங்கே உண்டு, இல்லையென்றால் தெரிந்தவர் பட்டறையில் ஓர் ஓரம் கேளுங்கள். சமதளமான கான்கிரீட் தரை, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, ஜாக்கி, அதைவிட முக்கியமாக ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை கால் எதையும் நீட்டக் கூடாது.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து, ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் பக்கம் பாருங்கள். 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிகிற ஆட்டம் பெரும்பாலும் டை ராடு எண்டு, அதாவது ஸ்டியரிங் தண்டின் நுனி மூட்டு.

ஆட்டமே இல்லை, அதனால் பேரிங் நல்லா இருக்கு என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். இந்த இரட்டை வரிசை பேரிங்குகள் நன்றாகக் கத்த ஆரம்பித்த பிறகும் துளி ஆட்டம் காட்டாது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டில் வேலை பார்க்கும் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர்தான் காட்டிக்கொடுத்தார். "தம்பி, காத நம்பாத, கைய நம்பு. ஸ்பிரிங்கப் புடி" என்றார். முன் சஸ்பென்ஷனின் சுருள் கம்பியை இடது கை விரல்களால் லேசாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் சக்கரத்தைச் சுற்றினேன். வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. இடது பக்கத்தில் மணலில் மிளகை உருட்டுவது போல ஒரு நடுக்கம், விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற அளவு. காதுக்கு அந்த இடத்தில் ஒரு சத்தமும் கேட்கவில்லை, கம்பி மட்டும் சொல்லியது. இதைச் செய்யும்போது விரலைச் சுருளின் இடைவெளிக்குள் விடாதீர்கள், வெளிப்பக்கமாகத் தொட்டால் போதும். சக்கரத்தைச் சுற்றும் தண்டான டிரைவ்ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸும் சேர்ந்து சுற்றுவதால் கொஞ்சம் இழுவையும், பிரேக் பேட் உரசுகிற சத்தமும் இயல்பாகவே வரும். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிச் சுற்றி ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியின்) சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பார்க்கிறவர்களும் உண்டு. உதவும்தான், ஆனால் பிரேக் ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் சூடேறும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சக்கரத்தைத் தூக்கிவைத்து எஞ்சினைப் போட்டு கியரில் ஓட்டிக் கேட்பதை நான் செய்வதில்லை. ஒரு சக்கரம் மட்டும் தரையை விட்டு எழும்பியிருந்தால் டிஃபரன்ஷியலின் வேலையால் அது மீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். தெரிந்தவர் செய்யட்டும்.

முனகுகிற பேரிங்கோடு எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று கேட்பார்கள். லேசான ஊளை என்றால் பட்டறைக்கு நேரம் குறிக்கிற வரை சமாளிக்கலாம். ஆட்டம் தெரிந்துவிட்டால், கரகரப்பு வந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிந்தால், அல்லது வளைவிலிருந்து வந்து முதலில் மிதிக்கும்போது பிரேக் மட்டை வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசி அறிகுறி பலருக்குத் தெரிவதில்லை: ஹப் ஆடும்போது டிஸ்க்கும் ஆடி, பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும்.

சாமான் வாங்குவது

முன்சக்கர பேரிங்கில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு வகை. ஒன்று, பேரிங்கும் ஹப்பும் ஒரே உருப்படியாக வந்து பின்பக்கமிருந்து மூன்று நான்கு போல்ட்டில் முடிந்துவிடுவது. உங்கள் வண்டி அந்த வகை என்றால் பிரஸ் வேண்டாம், அழுத்துகிற பகுதியை அப்படியே தாண்டிப் போகலாம். இன்னொன்று, பேரிங் தனி வளையமாக, ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் பகுதியான நக்கிளுக்குள் அழுத்தி நுழைக்கப்பட்டு, அதற்குள் ஹப் அழுத்தப்பட்டிருப்பது. என்னுடைய பழைய டொயோட்டா இந்த வகை.

சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், வருடத்தையும் பெயரையும் மட்டும் சொன்னால் தப்பான உருப்படி வர வாய்ப்பு அதிகம். பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும். டிஏசி 39720037 என்றிருந்தால் உள்விட்டம் 39 மி.மீ., வெளிவிட்டம் 72 மி.மீ., அகலம் 37 மி.மீ. என்று படிக்கலாம். இந்தக் கணக்கு தெரிந்தால் கடையிலேயே ஒரு வெர்னியரை வைத்துச் சரிபார்த்துவிடலாம். என்எஸ்கே, என்டிஎன், கோயோ, எஸ்கேஎஃப், எஃப்ஏஜி எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் போலிப் பெட்டிகளும் உலவுகின்றன, விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇ முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது என்று மலிவானதைப் போடுகிறவர்கள் உண்டு. கூலியும் அலைச்சலும் பேரிங் விலையைத் தாண்டிவிடுகிற வேலையில் அந்தச் சேமிப்பு எனக்குப் புரிவதில்லை.

கூடவே டிரைவ்ஷாஃப்ட்டை ஹப்போடு இறுக்கும் புது ஆக்சில் நட், பேரிங்கை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப், நட் கழலாமல் தடுக்கும் பிளவு முளை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம். பிரேக் பேடு மாதிரி இதற்கு ஜோடிக் கணக்கு இல்லை, கெட்டுப்போன பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கழற்றுவது

சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டை அசைத்துவிட வேண்டும். நட்டின் விளிம்பு டிரைவ்ஷாஃப்ட்டின் காடிக்குள் தட்டி மடிக்கப்பட்டிருக்கும், முதலில் அதைச் சிறு உளியால் நிமிர்த்துங்கள். நிமிர்த்தாமல் திருகினால் மரை பாழ். பல டொயோட்டாக்களில் 30 மி.மீ. சாக்கெட், ஹோண்டாவில் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. நீளமான கம்பி, ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். லேசாக இளகியதும் நிறுத்திவிடுங்கள், நட் இளகின நிலையில் வண்டியைத் தள்ளவோ உருட்டவோ கூடாது. சக்கர நட்டுகளையும் இப்போதே இளக்கிவிட்டு, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள்.

பேடுகளைப் பிடித்திருக்கும் பிரேக் காலிப்பரை அதன் பிராக்கெட்டோடு சேர்த்துக் கழற்றி ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஓஸில் அது தொங்கக் கூடாது. டிஸ்க் ஒட்டிக்கொண்டிருந்தால் பல வண்டிகளில் அதிலேயே மரை வெட்டிய இரண்டு துளை இருக்கும், பெரும்பாலும் எட்டு மி.மீ. போல்ட்டைப் போட்டு மாறி மாறித் திருகினால் தானே கழன்று வரும்.

சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சரில்தான் அவசரப்படக் கூடாது. போல்ட்டை எடுத்த பிறகும் அது வராது, பிளாஸ்டிக் உடம்பு, இழுத்தால் முறியும். ஊடுருவும் எண்ணெய் அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், பிறகு இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். குளிர்நாட்டுக்காரர்களின் காணொளிகளில் இந்த இடத்தில் ஒரு மணி நேரம் போராடுவார்கள், அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுவதால் எல்லாம் துருவில் ஒன்றாகிப் போயிருக்கும். நமக்கு மழை மட்டும்தான், அந்த அளவுக்கு மோசமில்லை. இந்த விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை.

அடுத்து டை ராடு எண்டு. முளையை எடுத்து நட்டைக் கழற்றிவிட்டு, நக்கிளில் அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் நச்சென்று இரண்டு அடி. போல்ட்டின் தலையில் அடிக்காதீர்கள். டை ராடைத் திருகி நீளத்தை மாற்றாதீர்கள். கீழே பால் ஜாயிண்ட்டை சஸ்பென்ஷனின் கீழ்க்கையிலிருந்து பிரியுங்கள், மேலே அப்சார்பரோடு நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் நிலையைப் பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். அந்தத் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளியிலேயே சக்கரத்தின் சாய்வு மாறிவிடும்.

டிரைவ்ஷாஃப்ட்டை ஹப்பிலிருந்து வெளியே தள்ளும்போது நட்டைப் பாதி மரையில் விட்டுவைத்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்து அடியுங்கள், மரை முனை காப்பாற்றப்படும். வெளியே வந்ததும் ஷாஃப்ட்டைத் தொங்கவிடாமல் கட்டிவையுங்கள். கியர்பாக்ஸ் பக்க ஜாயிண்ட்டை இழுத்துவிட்டால் உள்ளே கழன்று கிரீஸோடு வேறொரு வேலை பிறக்கும்.

இப்போது நக்கிள் கையில் இருக்கிறது. இங்கே ஒரு யோசனை: உங்களிடம் பிரஸ் இல்லையென்றால் நக்கிளையும் புது பேரிங்கையும் ஒரு பையில் போட்டு சின் மிங் அல்லது காக்கி புக்கிட் பக்கம் தூக்கிக்கொண்டு போங்கள். அழுத்தி மட்டும் தருகிற பட்டறை கிடைக்கும். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள், அடுத்த பகுதியைப் படித்துவிட்டு.

பிரஸ்ஸில் அழுத்துவது

பழையதை எடுப்பதில் நுணுக்கம் குறைவு. நக்கிளைத் தாங்கிவைத்து ஹப்பைக் கீழே தள்ளினால் பேரிங் பிளந்து, உள்வளையத்தின் வெளிப்பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான் வரும். வளையத்தின் ஓரிடத்தில் கிரைண்டரால் முக்கால் ஆழத்துக்குக் கீறிவிட்டு உளியை வைத்து ஓர் அடி அடித்தால் டப்பென்று விரிசல் விடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், பேரிங் எஃகு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கீறல் ஹப்பின் தண்டைத் தொட்டுவிட்டால் ஹப்பும் போச்சு, அதனால் நிதானம். பிறகு நக்கிளிலிருந்து சர்க்ளிப்பைக் கழற்றி வெளிவளையத்தைத் தள்ளி எடுங்கள். அந்த வெளிவளையத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் வெளிப்பக்கத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்துவிட்டால் புதியதை அழுத்த அளவெடுத்துச் செய்த கருவி மாதிரி பொருந்தும்.

நக்கிளின் உள்துளையைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். பளபளவென்று வழுக்கிய தடம் இருந்தால் பழைய பேரிங் அந்தத் துளைக்குள்ளேயே சுற்றியிருக்கிறது, புதியது இறுக்கமாக உட்காராது, நக்கிளையே மாற்ற வேண்டியதுதான். ஹப்பின் தண்டுக்கும் இதே சோதனை.

இனிதான் என்னைக் கவிழ்த்த இடம். அழுத்துகிற விசை ஒருபோதும் குண்டுகள் வழியாகப் போகக் கூடாது. பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது இறுக்கம் இருப்பது வெளிவளையத்தில், அதனால் வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். அடுத்து ஹப்பை பேரிங்குக்குள் இறக்கும்போது இறுக்கம் உள்வளையத்தில், அதனால் கீழேயிருந்து உள்வளையத்தைத் தாங்க வேண்டும், நக்கிளைத் தாங்கினால் தப்பு. நான் இரண்டாவதில்தான் கோட்டை விட்டேன். நக்கிளை இரண்டு கட்டைமேல் வைத்து ஹப்பை மேலிருந்து அழுத்தினேன். பார்க்க ரொம்ப ஒழுங்காக, நேராக இறங்கியது. அழுத்தம் முழுவதும் உள்வளையத்திலிருந்து குண்டுகளுக்கும், குண்டுகளிலிருந்து வெளிவளையத்துக்கும் போய் ஒவ்வொரு குண்டும் தன் இடத்தில் ஒரு குழி போட்டுவிட்டது. கையால் சுற்றியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீல்தான் காந்தவளையம். மங்கலான கருப்பு அல்லது பழுப்பு ரப்பராக இருக்கும், பற்கள் எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து, பெரும்பாலும் வண்டியின் உட்பக்கம் நோக்கி, இருக்க வேண்டும். சந்தேகமென்றால் ஒரு காகிதக் கிளிப்பை மெல்ல அருகில் கொண்டுபோங்கள், லேசாக ஒட்டும் பக்கம்தான் காந்தப் பக்கம். போல்ட்டுகளைப் போட்டுவைக்கும் காந்தத் தட்டில் இந்தப் பேரிங்கை வைத்துவிடாதீர்கள், அதன் காந்த வரிசையே கலைந்துவிடும். திருப்பிப் போட்டு அழுத்தி, எல்லாம் மாட்டி ஓட்டிய பிறகு ஏபிஎஸ் விளக்கு எரிந்து, புது பேரிங்கையே உடைத்து எடுக்க வேண்டிவந்த கதையை அண்ணன் சிரிக்காமல் சொன்னார், அவர் ஆரம்ப நாட்களில் செய்ததாம்.

பேரிங்கை இரவு முழுக்க ஃபிரீசரில் வைத்துச் சுருக்கி நுழைக்கலாம் என்பார்கள். கணக்கு சரிதான்: 72 மி.மீ. எஃகு வளையம் 30 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழ் 18 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 0.04 மி.மீ. சுருங்கும், அது இந்த வேலைக்குக் கணிசமான அளவு. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் ஃபிரீசரிலிருந்து எடுத்த இரும்பு ஐஸ் மைலோ டம்ளர் மாதிரி ஒரே நிமிடத்தில் வியர்த்துவிடும். புது பேரிங்குக்குத் தண்ணீர் அபிஷேகம் எதற்கு? நல்ல பிரஸ் இருந்தால் ஃபிரீசர் வேண்டாம். நக்கிளை டார்ச்சால் சூடாக்கவும் வேண்டாம், பால் ஜாயிண்ட் ரப்பர் தாங்காது.

துளையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பேரிங் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் பார்வை, பிறகு மெதுவாக அழுத்துங்கள். சாய்ந்தால் உடனே நிறுத்தி வெளியே எடுத்து மறுபடி. அடிவரை போனதும் பிரஸ் கைப்பிடி சட்டென்று கெட்டியாகும், அதற்கு மேல் தள்ளாதீர்கள். சர்க்ளிப் அதன் காடியில் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா என்று ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டுப் பாருங்கள். பிறகு உள்வளையத்துக்குச் சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டைக் கீழே தாங்கலாக வைத்து ஹப்பை இறக்குங்கள். சுற்றிப் பார்த்தால் புது கிரீஸின் இழுவை இருக்கும், சொரசொரப்பு இருக்கக் கூடாது.

திரும்ப மாட்டுவது

கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை, அதை நீட்டி எழுதத் தேவையில்லை. மார்க்கர் கோடுகள் ஒன்றோடொன்று சேருமாறு அப்சார்பர் போல்ட்டுகளை இறுக்குங்கள், சென்சர் துளையைத் துடைத்துவிட்டு சென்சரை மாட்டுங்கள்.

ஆக்சில் நட்டை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். இந்த வகை பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே இருக்க வேண்டிய இறுக்கத்தைக் கொடுப்பதே அந்த நட்தான். அதனால் சக்கரம் காற்றில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி முடித்துவிட்டுத்தான் வண்டியைத் தரையில் இறக்க வேண்டும். நட் தளர்வாக இருக்கும்போது வண்டியின் பாரம் ஏறினால் புது பேரிங் அங்கேயே அடிபடும். பல சிறிய டொயோட்டாக்களுக்கு 216 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 22 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. உங்கள் வண்டியின் அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுத் துப்பாக்கியால் டர்ர்ர் என்று இறுக்கி முடிப்பது வேகம்தான், எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. இறுக்கியதும் நட்டின் விளிம்பைக் காடிக்குள் தட்டி மடியுங்கள்.

சக்கர நட்டுகள், டொயோட்டாவில் பொதுவாக 103 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். வண்டியை நகர்த்தும் முன் பிரேக் மட்டையை மட்டை கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டியிருக்கிறோம், பேடுகள் விலகியிருக்கும், முதல் மிதி தரை வரை போகும். அது தெரியாமல் பட்டறை வாசலில் ரிவர்ஸ் எடுத்து எதிரே நின்ற லாரியின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன்.

முதலில் சின்னச் சாலைகளில், பிறகு விரைவுச்சாலையில் ஒரு 20, 30 கிலோமீட்டர். ஏபிஎஸ் விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். வந்து இறங்கி இரண்டு ஹப்பின் சூட்டையும் ஒப்பிடுங்கள். நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். நக்கிளைக் கழற்றிய வண்டிக்கு அது ஆடம்பரச் செலவில்லை, அதை விட்டால் டயர் கோணலாகத் தேய்ந்து அடுத்த வருடம் இதே ஊளையை வேறு காரணத்துக்காகக் கேட்பீர்கள்.

பழைய பேரிங்கை உடனே குப்பையில் போடாமல் கிரீஸைத் துடைத்து வளையத்தின் உள்தடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாகத் துரு படிந்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது, அதிவேக நீரில் சக்கரத்துக்குள் அடித்துக் கழுவுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று யோசியுங்கள். ஓரிடத்தில் மட்டும் தோல் உரிந்த மாதிரி செதில் எழும்பியிருந்தால் பெரும்பாலும் வயது, அல்லது எப்போதோ ஓரக்கல்லில் இடித்த இடி. நான் ஒரே மாதத்தில் கழற்றிய பேரிங்கில் துருவும் இல்லை, செதிலும் இல்லை. குண்டுக்குக் குண்டு இருக்கும் இடைவெளியிலேயே, சுற்றிலும் வரிசையாக, நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் மட்டும் இருந்தன. அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பேரிங் தப்பு இல்ல தம்பி" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.